ஷாகுல் பாயின் ஒற்றை லைன்

செய்தி பெயரில்லாத ஓர் எண்ணிலிருந்து வந்தது. செம்பாக்கத்தில், என் வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, நான் மெஹர். ஷாகுல் அண்ணன் மௌத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." படித்துவிட்டு மிச்சமிருந்த பீன்ஸையும் நறுக்கி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நம் போர்டில் இருந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இணையம் வீடுகளுக்கு வராத காலத்தில் புல்லட்டின் போர்டு என்று ஒன்று இருந்தது. நம் கணினியிலிருந்து மோடம் வழியாக இன்னொருவர் வீட்டுக் கணினிக்கு போன் போட வேண்டும். அது கீச்சென்று கத்தி இணைந்ததும், மற்றவர்கள் விட்டுச்சென்ற கடிதங்களைப் படித்து, பதில் எழுதிவிட்டு வெளியேற வேண்டும். நடத்துபவருக்கு சிஸ்ஆப் என்று பெயர். இரும்புலியூரில் யுபிஎஸ் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஷாகுல் பாய் எங்கள் சிஸ்ஆப். அவரிடம் இருந்தது ஒரே லைன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்களுக்கு எங்கேஜ்ட் டோன்தான்.

உள்ளே நுழைந்ததும் திரையில் அவருடைய வாசகம் வரும்: "இங்க யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. மெதுவா டைப் பண்ணுங்க." தமிழைத்தான் ஆங்கில எழுத்துகளில் எழுதிக்கொண்டோம். போர்டில் அவரைப் போலப் பேசுகிறவர் இல்லை. கிண்டலும் சண்டையும் சமாதானமுமாகப் பக்கம் பக்கமாக எழுதுவார்.

ஒரு ஃப்ளாப்பி வாங்க முதன்முதலாக அவர் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. கதவைத் திறந்தவர், "சு... சு..." என்று முகம் சிவக்கத் திணறினார். பின்னாலிருந்து தங்கை மெஹர் வந்து, "சுமதி அக்காவா? உள்ள வாங்க. அண்ணனுக்குத் திக்கும். போன் அடிச்சா எடுக்கவே மாட்டாரு" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே விசைப்பலகையை இழுத்து, "வாங்க மேடம், டீ சாப்பிடுங்க" என்று அடித்துக் காட்டினார்.

என் கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பிற்பகல், போர்டுக்குள் போனேன். "இனி நானும் இருக்க வேண்டாம்" என்று அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். உள்ளே இருப்பவர் அடிப்பதும் அழிப்பதும் சிஸ்ஆப் திரையில் அப்படியே தெரியும் என்பதை மறந்திருந்தேன். திடீரென்று என் திரை இரண்டாகப் பிரிந்தது. கீழ்ப்பாதியில் எழுத்து எழுத்தாக வந்தது: "அழிக்காதீங்க. படிச்சிட்டேன்."

சிறிது நேரம் கழித்து, "சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"சாப்பிட்டுட்டு வாங்க. லைனை கட் பண்ணாதீங்க. வேற யாரையும் உள்ள விட மாட்டேன்."

தயிர்சாதம் பிசைந்து தின்றுவிட்டு வந்தேன். அவர் இருந்தார். இருட்டும் வரை இருந்தார். அன்றைக்கு ஏன் லைன் கிடைக்கவில்லை என்று உங்களில் சிலர் அவரிடம் கோபித்துக்கொண்டீர்கள். அவர் காரணம் சொல்லவே இல்லை.

பிறகு இணையம் வந்தது. நாம் ஒவ்வொருவராகப் போனோம். போர்டு எந்த நாளில் நின்றது என்றுகூட எனக்குத் தெரியாது. பண்டிகைக்கு யாரோ செய்த வாழ்த்துப் படம் ஒன்றை அனுப்புவார், பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்புவேன். செம்பாக்கத்துக்கும் இரும்புலியூருக்கும் எவ்வளவு தூரம்? நான் போகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் போனேன். பக்கவாதம் வந்து கீழே விழுந்தாராம். போனும் உடைந்துபோனதாம்.

"வலது கை சுத்தமா வரலக்கா. இடது கையால டைப் பண்ணிப் பார்த்தாரு, முடியல. பழைய டைரியில உங்க நம்பரைக் காட்டினாரு, என் போன்லேர்ந்து போட்டுக் குடுத்தேன்."

"எனக்கா? எப்போ?"

"போன வாரம். நான் பேசறேன்னேன். வேணாம்னு கை காட்டிட்டு அவரே பேசினாரு. நீங்க வெச்சிட்டீங்க."

எனக்கு நினைவு வந்தது. தெரியாத எண். 'ஸ்... ஸ்...' என்று ஏதோ இரைச்சல். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பு என்று நினைத்துத் துண்டித்தேன்.

"மறுபடி போடட்டுமான்னு கேட்டேன்," என்றாள் மெஹர். "வேணாம்னு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்கக்கா."

என்ன சொல்லவிருந்தார் என்று அவளுக்கும் தெரியவில்லை. இனி யாரைக் கேட்பது?

அவர் எழுதியது ஒரு வரிகூட என்னிடம் இல்லை. போர்டு இருந்த ஹார்ட் டிஸ்க் வெள்ளம் வந்த வருடம் நீரில் மூழ்கிவிட்டது. பிரிண்ட் எடுத்து வைக்க வேண்டும் என்று அந்நாளில் எனக்குத் தோன்றவே இல்லை. என் போனில் மட்டும் ஒரு பதிவு இருக்கிறது: வந்த அழைப்பு, பதினோரு விநாடி. பழைய அழைப்புகள் தானாகவே அழிந்துவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அதனால் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். அவருடையதாக என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.