மாப்பிள்ளையின் காது

என் கல்யாணத்துக்கு முந்தைய தை மாதம் அது. நீடாமங்கலம் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பில் போடத்தான் சேர்ந்தேன். டிசைனர் வேலையை விட்டுப் போனதால் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். முதலாளி முதலில் கற்றுக்கொடுத்ததே முகத்தை வெளுப்பதுதான். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும், "கலரைக் கொஞ்சம் ஏத்திடுங்க" என்பார்கள். செத்துப்போனவரைக்கூட வெளுத்துத்தான் அனுப்பிவைத்தோம்.

வேலை இல்லாத ஒரு மதியம், நாற்றங்கால் வரப்பில் தம்பி எடுத்த என் படத்தைத் திறந்து விளையாடிக்கொண்டிருந்தேன். வெளுக்காமல், நிழல் விழுந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றினேன். புல்லரித்துவிட்டது. கறுப்பு என்று ஒரே வார்த்தையில் என்னைச் சொல்லி முடிப்பார்களே, அந்தக் கறுப்பில் கன்னத்தில் செம்பு இருந்தது, கழுத்தோரம் நீலம் இருந்தது, நெற்றியில் வெயில் மஞ்சளாக நின்றது. பின்னால் நாற்றின் பச்சை. நான் அழகாக இருந்தேன்! அன்றிலிருந்து டிசைன் பைத்தியம் பிடித்துவிட்டது. எல்லாப் பேனரிலும் நிற்கும் சுவிட்சர்லாந்து மலையைத் தூக்கிப்போட்டுவிட்டு, எங்கள் வாய்க்காலையும் வயலையும் பின்னணியில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளையின் சித்தப்பா பேனர் போடக் கடைக்கு வந்தார். கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்தவர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவர் போனிலிருந்து அனுப்பிய படத்தைத் திறந்தால், திரையில் என் முகம்!

"பொண்ணு கொஞ்சம் கறுப்பும்மா. மாப்பிள்ளை கலருக்குக் கொண்டாந்துடு" என்றார், திரையைப் பார்த்தபடி. பக்கத்தில் இருந்த என் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேசாமல் வெளுத்துக் கொடுத்தால் வம்பில்லை. வாயைத் திறந்தால் கல்யாணமே நின்றாலும் நிற்கும். அப்பா அலையாய் அலைந்து முடித்த சம்பந்தம் வேறு. மாப்பிள்ளை படத்தைப் பெரிதாக்கினேன். அதை ஏற்கெனவே ஏதோ ஸ்டுடியோவில் வெளுத்திருந்தார்கள். முகம் கோதுமை நிறம். காதை மறந்துவிட்டார்கள், அது என் நிறத்திலேயே இருந்தது. அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாப்பிள்ளை கலர்னா எதுங்க மாமா? முகத்துக் கலரா, காது கலரா?"

மாமா என்றதும்தான் திரும்பினார். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடடா, நீதானாம்மா... பேனருக்குத்தான் சொன்னேன். நாலு பேரு பாக்குறது."

"பாக்கட்டுங்க மாமா. மேடையில நான்தானே நிக்கப்போறேன்? பேனர்ல வேற ஒருத்தி எதுக்கு?"

விருட்டென்று எழுந்து போய்விட்டார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்குச் சேதி எட்டிவிட்டது. "உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடக்கூடாதாடி" என்று அழுதார். எனக்கும் பயம்தான். ஆனாலும் பணிந்துபோக மனசு வரவில்லை. மறுநாள் அந்த நாற்றங்கால் படத்தையே வைத்துப் பேனரை முடித்து, மாப்பிள்ளைக்கே அனுப்பினேன். 'இதுதான் நான். சம்மதம்னா பிரிண்ட் போடுறேன்' என்று கீழே எழுதினேன்.

சாயங்காலம் அவரிடமிருந்து போனே வந்தது. "உன் படம் நல்லாருக்கு. என் மூஞ்சி மட்டும் ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? அதையும் காது கலருக்கே கொண்டாந்துடு" என்றார்.

மண்டப வாசலில், பச்சை வயலுக்கு முன்னால் இரண்டு கறுப்பு முகங்கள் சிரித்துக்கொண்டு நின்றன. சித்தப்பா மட்டும் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் எனக்கொன்றும் குறைந்துவிடவில்லை.

இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். வெளுத்துத் தரச் சொன்னால், "வெளிச்சம் ஏத்தித் தரேன், ஆளை மாத்தித் தர மாட்டேன்" என்று சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறவர்களும் உண்டு, போகட்டும். அந்த ஸ்டுடியோக்காரர்கள் மாப்பிள்ளையின் காதையும் சேர்த்து வெளுத்திருந்தால் அன்று எனக்கு வாய் திறந்திருக்குமோ என்னவோ. ஆனால் திறந்த வாயை இனி மூடுவதாக இல்லை.