ரேடியோ துல்லியமாகக் கேட்ட நாள்

எங்கள் ரெட்டிபாளையம் வீட்டில் என் அறைக்கும் அப்பா அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆபீஸ் கொடுத்த கம்ப்யூட்டரை நான் போட்டால் போதும், அந்தப் பக்கம் அவருடைய ரேடியோ கொர்ரென்று இரையத் தொடங்கிவிடும். சிமெண்ட் ஆலையின் சத்தத்திலேயே மந்தமாகிப்போன காது அவருக்கு. மதியச் செய்தியை ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்துத்தான் கேட்பார்.

"அந்தக் கம்ப்யூட்டரைச் செத்த நேரம் நிறுத்தக் கூடாதாப்பா?" என்பார்.

"நிறுத்துனா நான் சீட்டுல இல்லன்னு ஆபீஸுல காட்டிடும்ப்பா" என்று எரிந்து விழுவேன். சார்ஜரை மாற்றிப் பார்த்தேன், மேசையை நகர்த்திப் பார்த்தேன். இரைச்சல் போகவே இல்லை.

போன மாதம் ஆபீஸில் ஆள் குறைத்தார்கள். கம்ப்யூட்டரைப் பையில் வைத்து எடுத்துப்போய் அரியலூரில் கூரியர் போட்டேன். வீட்டில் சொல்லத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் செய்தி துல்லியமாகக் கேட்டது.

"இன்னைக்கு லீவாப்பா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா" என்று கத்தினேன்.

அடுத்த நாளும் துல்லியமாகத்தான் கேட்டது. லீவா என்று அப்பா விசாரிக்கவில்லை. மூன்றாம் நாள் செய்தி நேரம் வந்து, போயும் விட்டது. அப்பா ரேடியோவைப் போடவே இல்லை.