கன்னிமார் சோலையில் நின்ற கடிகாரம்

சனிக்கிழமை ஆனால் போதும், ராசிபுரத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் காரில் மலையேறி வந்து எங்கள் அரியூர் நாட்டு மண்தடத்தில் ஓடுகிறார்கள். ஓடிப் பழகவும் நடந்து பழகவும் இதைவிட நல்ல தடம் கிடையாதாம். காற்று குளிர்ச்சியாம், ஏற்றமும் இறக்கமும் அளவாம். கையில் கட்டிய கடிகாரம் அவர்களுக்கு நாடித்துடிப்பு வரை சொல்லிவிடுகிறது. பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், பின்னாலேயே அக்காவின் ஞாபகமும் வரும். அந்தத் தடத்தில் முதன்முதலாகக் கடிகாரம் பிடித்தவள் நான். பிடித்த லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினான்கு. கீழே டவுனில் விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மூவாயிரம் மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று பேருக்கு இடம். அங்கேயே தங்கிப் படிக்கலாம், ஓடலாம். அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு பேச்சே இல்லை. விடுதியில் என்ன சோறு போடுவார்கள், மைதானம் எப்படி இருக்கும் என்று கம்பளிக்குள் படுத்துக்கொண்டு என் காதைத் துளைப்பாள். எங்கள் இருவருக்கும் ஒரே கம்பளி. அவள் போய்விட்டால் கம்பளி முழுவதும் எனக்கே என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பி.டி. வாத்தியார் தன் ஸ்டாப்வாட்சையும், யாரோ போட்டுக் கழித்த ஒரு ஜோடி ஷூவையும் கொடுத்தனுப்பினார். தினமும் காலையில் நான் எங்கள் மரவள்ளிக் காட்டு மேட்டிலிருக்கும் பாறையில் உட்காருவேன். அக்கா அங்கிருந்து கிளம்பி, நெல்வயல் பள்ளத்தில் இறங்கி, கன்னிமார் சோலையைத் தாண்டி, மிளகுக்கொடி ஏறிய மரங்களின் ஓரமாக மேடேறிப் பாறைக்கே திரும்பி வருவாள். மொத்தத் தடமும் எனக்குத் தெரியும். சோலைக்குள் போகும்போது மட்டும் ஆளைக் காணாது.

ஏழு கன்னிமார் சாமிகள் குடியிருக்கும் அந்தச் சோலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே செருப்புப் போடக்கூடாது, ஓடக்கூடாது, சத்தம் போட்டுப் பேசக்கூடாது. கல்யாண மாப்பிள்ளையே ஆனாலும் புதுச்செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பூனைபோல் நடந்துதான் தாண்டவேண்டும். ஓட்டப் பயிற்சி என்றால் கன்னிமார் விட்டுக்கொடுப்பார்களா என்ன? அக்காவும் சோலை வாசலில் ஷூவைக் கழற்றி, நடந்து, அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

“கன்னிமாருக்குக் குடுக்கற நேரத்த நாம எண்ணக்கூடாது கண்ணு. உள்ள போனா நிறுத்திரு, வெளிய வந்து ஓடறப்ப மறுபடி அமுத்து” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

நானும் ஒரு வாரம் ஒழுங்காகத்தான் அமுக்கினேன். நேரம் நாளுக்கு நாள் குறைந்தது. அப்பா காட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “ஏனுங்க, எம்புள்ள கீழ போய்ப் படிக்கப்போறாளுங்க” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கோ பகீரென்றது. மறுநாள் அக்கா சோலைக்குள் நுழைந்ததும், பத்து எண்ணிவிட்டுத்தான் கடிகாரத்தை நிறுத்தினேன். அதற்கடுத்த நாள் இருபது எண்ணினேன். ஒன்பது வயதில் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கள்ளத்தனம் வந்ததோ!

பாறைக்கு வந்து குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பாள் அக்கா. முகம் சுருங்கிப்போகும். “உசுரக் குடுத்துத்தான ஓடறேன், ஏன் ஏறுது?” என்பாள். நான் வானத்தைப் பார்ப்பேன். மனம் உடைந்து தானாகவே விட்டுவிடுவாள் என்பதுதான் என் கணக்கு.

விடவில்லை. நான்காம் நாள் சோலைக்குள் போனவளை எதிர்பார்த்து நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இருபதை முடிக்கும் முன்பே அந்தப் பக்கம் வெளியே வந்து நிற்கிறாள், வெறுங்காலோடு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு. சோலைக்குள் ஓடியிருக்கிறாள்!

“நடுவுல நடக்கறதால உடம்பு ஆறிப்போயிருது கண்ணு. அதான் நேரம் ஏறுது. யாருகிட்டயும் சொல்லிராத” என்றாள் பாறைக்கு வந்ததும். இல்லாத ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, அதற்காகக் கன்னிமாரையே மீறிவிட்டாள். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே ஓடினாள். அவள் காலில் முள் தைத்தபோதும், மாடு முட்டவந்தபோதும் ஏழு கன்னிமாரும் வந்துவிட்டார்கள் என்றே நான் நடுங்கினேன்.

ஓட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எனக்குத் தாங்கவில்லை. மரவள்ளிக் காட்டில் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடிப்பாள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

“ஏஞ் சாமி இப்பிடிப் பண்ணுன?”

“நீ போயிட்டா நான் யாருகூடக்கா படுக்கறது?”

அவள் என் கையைப் பிடித்துச் சோலைக்குக் கூட்டிப்போனாள். இருவரும் வெறுங்காலில் மெதுவாக நடந்தோம். கன்னிமார் கற்களுக்கு முன்னால் நான் விழுந்து கும்பிட்டு, கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டேன். அக்கா சும்மா நின்றாள். வெளியே வந்ததும், “இத நாளைக்கு ஓடிட்டு வந்தப்புறம் சொல்லியிருக்கலாம் கண்ணு” என்றாள். மன்னிப்புக் கேட்டதுதான் கேட்டாயிற்றே, இன்றைக்குக் கேட்டால் என்ன, நாளைக்குக் கேட்டால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சில் இருந்த பாரம் போய், அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினார். அவ்வளவு பெரிய மைதானத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அக்கா சும்மா பிய்த்துக்கொண்டு ஓடினாள். ஐந்தாவது சுற்றிலேயே எல்லோருக்கும் முன்னால் இருந்தாள். அப்பா துண்டைச் சுழற்றிக் கத்தினார். கடைசிச் சுற்றில் நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டும்போது அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன். இரண்டு எட்டு போய் மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ஒருத்தி முந்தினாள், பின்னாலேயே இன்னொருத்தி. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒருத்தியும் முந்திவிட்டாள். அக்கா நான்காவது.

“திரும்பாம ஓடியிருந்தா மொத ஆளா வந்திருப்பியே சாமி! அங்க என்னத்தப் பாத்த?” என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? துள்ளிக் குதிக்காத குறைதான். ஒரே ஒரு பயம்தான் பாக்கி இருந்தது. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும், அப்பாவுக்குக் கேட்காமல் அக்காவின் காதில் கேட்டேன்.

“கன்னிமாரு கோவத்துலதான் இப்பிடிப் பண்ணிட்டாங்களாக்கா?”

அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

“அவுங்களுக்கு ஒரு கோவமும் இல்ல கண்ணு. நான்தான் மெதுவா ஓடிட்டேன்.”

அப்பாடா, கன்னிமாருக்குக் கோபமில்லை. எனக்குக் கேட்டது அது மட்டும்தான். அக்காவின் மடியில் தலைவைத்து, ஊர் வரும்வரை நிம்மதியாகத் தூங்கினேன்.