பல் விளக்காமல் வந்த பீப்பி

எங்க வீட்டுக்காரரை பேண்டு செட்ல எல்லாரும் பீப்பின்னுதான் கூப்பிடுவாங்க. கிளாரினெட் வாசிக்கிற மனுஷனுக்கு இதைவிடக் கேவலமா ஒரு பட்டப்பேர் வைக்க முடியாது. அவருக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும்.

அவருக்கு இருக்கிற ஒரே வியாதி சுத்தம். அடைச்ச குழாயைச் சரி பண்ண ஆள் வர்றான்னா, அவன் வந்து சேர்றதுக்குள்ள இவரே தொட்டியைத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கிடுவார். வந்தவன், "அடைப்பு எங்க சார்?"னு முழிப்பான். முடி வெட்டிக்கப் போறதுக்கு முன்னாடி தலைக்குக் குளிப்பார். துவைக்கப் போடுற சட்டையோட காலரை முன்கூட்டியே சோப்புப் போட்டுக் கசக்கி வச்சிருப்பார். "அப்புறம் நான் எதுக்குத் துவைக்கணும்?"னு கேட்டா, "அழுக்கை எப்படி உன் கையில குடுக்கிறது?"ம்பார். கல்யாணம் ஆன நாள்லேருந்து இதே கூத்துதான்.

முன்னாடி ஒரு தடவை, கல்யாண ஊர்வலத்துல இவருக்கு முன்னாடி போன டிரம்காரர் செருப்பு அறுந்து சட்டுனு நின்னுட்டார். இவர் கண்ணை மூடிக்கிட்டு உருகி உருகி வாசிச்சுக்கிட்டே போய் அவர் முதுகுல மோதினார். கிளாரினெட் இடிச்சு மேல் முன்பல் ஒண்ணு காலி. வாத்தியத்தோட வாய்ப்பகுதி மேல் முன்பல்லைத்தான் நம்பி நிக்கும். அதனால தாடை எலும்புல ஒரு டைட்டானியம் திருகை இறக்கி, அதுமேல பல்லை மாட்டி, இம்ப்ளான்ட் வச்சுக்கிட்டார். சில வருஷம் ஜோரா ஓடுச்சு.

போன வருஷம் அந்தப் பல்லைச் சுத்தி ஈறு வீங்கி, வாசிச்சு முடிச்சா ரத்தம் வர ஆரம்பிச்சுது. பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு, திருகைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரையுதுன்னாங்க. "பெரும்பாலும் கிருமியாத்தான் இருக்கும். அப்படின்னா சுத்தம் பண்ணிக் காப்பாத்தப் பார்க்கலாம். ஆனா நீங்க கிளாரினெட்டை வச்சு அழுத்துறதும் எனக்குக் கொஞ்சம் இடிக்குது. கிருமி இல்லைன்னா வாசிப்பை விட வேண்டியிருக்கும். நாளைக்கு வாங்க, மைக்ராஸ்கோப்ல பார்த்துடலாம்."

பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் அவர் கிளாரினெட் வாசிக்கிற மாதிரி தொடையில விரலை ஓட்டிக்கிட்டே வந்தார். மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே அவர் கைக்கு வந்த வாத்தியம் அது. அதைப் பிடுங்கிட்டா இந்த ஆளு என்ன ஆவாரு?

மறுநாள் டாக்டரம்மா மெல்லிசான கொக்கியால ஈறுக்கடியில துளி எடுத்து, கண்ணாடித் துண்டுல வச்சாங்க. மைக்ராஸ்கோப்புல தெரியிறது பக்கத்துல இருக்கிற டிவியில வரும். வந்துச்சு. வெறிச்சோன்னு கிடந்துச்சு. இங்கொண்ணு அங்கொண்ணா ஏதோ மிதந்துச்சு, அவ்வளவுதான்.

"ஆச்சரியமா இருக்கே," டாக்டரம்மா நெத்தியைச் சுருக்கினாங்க. "அப்போ அழுத்தம்தான் போலிருக்கு. வாசிப்பை நிறுத்தித்தான் ஆகணும் சார்."

அவர் தலையை ஆட்டினார். முகம் செத்துப் போச்சு. ஆனா எந்திரிக்கும்போது குப்புனு ஒரு புதினா வாசம் அடிச்சுது பாருங்க, எனக்குப் பொறி தட்டிடுச்சு. அவர் கைப்பையைப் பிடுங்கித் திறந்தேன். வாய் கொப்பளிக்கிற மருந்து பாட்டில், அடியில ஒரு மடக்கு மிச்சம். கூடவே ரத்தக்கறையோட பஞ்சு.

"ஏங்க, என்ன இது?"

"கீழ பாத்ரூம்ல... ஈறுக்கடியில எல்லாம் பஞ்சை விட்டு நல்லாத் துடைச்சுட்டு வந்தேன்." பையை இழுத்து மூடப் பார்த்தார். "ஒரு டாக்டர் முன்னாடி அழுக்கு வாயை எப்படித் திறக்கிறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பாட்டிலை அவர் தலையிலயே கவுத்திருப்பேன். பண்ணின கூத்துல வாத்தியமே போயிருக்கும். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டே, "ஒரு வாரம் இந்த மருந்து பக்கமே போகாதீங்க. வர்ற அன்னிக்குக் காலையில பல்லும் விளக்கக் கூடாது"ன்னாங்க.

அந்தக் காலையில அவர் பட்ட பாடு இருக்கே. பிரஷ்ஷை எல்லாம் நான் பீரோல வச்சுப் பூட்டிட்டேன். பாத்ரூம் வாசல்ல கூண்டுப் புலி மாதிரி நடந்தார். பஸ்ஸுல கர்ச்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டார். பேண்டு மாஸ்டர் போன் பண்ணி, "பீப்பி, நீ வருவியா, இல்லை வேற ஆளைப் பார்க்கட்டுமா?"ன்னு கேட்டதுக்குக்கூட "ம்"னு மட்டும்தான் சொன்னார்.

டாக்டரம்மா முதல்ல பக்கத்துச் சொந்தப் பல்லுல இருந்து எடுத்ததைக் காட்டினாங்க. குட்டிக் குட்டி உருண்டைங்க, பெரும்பாலும் சும்மா கிடந்துச்சு. "இதுங்களும் கிருமிதான். எல்லார் வாயிலயும் இருக்கும், பெருசா வம்பு பண்ணாது."

அப்புறம் இம்ப்ளான்ட். டிவி முழுக்க ஒரே கும்பல். சுருள் சுருளா நெளிஞ்சு நீந்துது, குச்சி குச்சியா இடிச்சுக்கிட்டு ஓடுது, ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டேன். "அதோ பாருங்க, அதோ, எத்தனை இருக்கு"ன்னு டிவியைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறேன். டாக்டரம்மாவும் குனிஞ்சு, "இதான், இதைத்தான் தேடினேன்"னாங்க. புருஷன் வாய்க் கிருமியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பொம்பளை நானாத்தான் இருப்பேன். அவர் மட்டும் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டார்.

"மத்த பல்லை எல்லாம் இவ்வளவு நல்லா தேய்க்கிறீங்க, இதை மட்டும் ஏன் விட்டீங்க?"

"ஆடிடுமோன்னு பயம். முன்பக்கம் மட்டும் துணியால துடைப்பேன்."

டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாங்க: சொந்தப் பல்லை ஈறு நாரால இறுக்கித் தைச்ச மாதிரி பிடிச்சிருக்கும். திருகுல அந்தத் தையல் கிடையாது, ஈறு சட்டைக் காலர் மாதிரி சும்மா சுத்தி நிக்கும். கிருமி சுலபமா உள்ள இறங்கிடும். மத்த பல்லைவிட இதைத்தான் அதிகமா கவனிக்கணும்.

"அப்போ வாத்தியம்?" கையை எடுக்காமலே கேட்டார்.

"அதுமேல தப்பு இருக்கிறதா எனக்குத் தெரியலை சார். சுத்தம் பண்ணி, புண் ஆறட்டும். அப்புறம் வாசிங்க."

மனுஷன் அப்பத்தான் கையை எடுத்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. எனக்கும்தான்.

உள்ள தோண்டிச் சுத்தம் பண்ணி, இடுக்குல விடுற குட்டி பிரஷ் ஒண்ணும் குடுத்தாங்க. அடுத்த தடவை பார்க்கும்போதும் பல் விளக்காமத்தான் போனார், இந்தத் தடவை கர்ச்சீப் இல்லை. டிவியில அந்தச் சுருள் கும்பலைக் காணோம். எலும்பு அதுக்கு மேல கரையாம நின்னுச்சு.

புண் ஆறினதும் வந்த முதல் ஊர்வலத்துக்கு நானும் கூடவே நடந்தேன். வெயில் கொளுத்துது. டிரம்காரர்கிட்ட இருந்து நல்லாத் தள்ளி நின்னு, கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு வாசிச்சார். எனக்குக் கால் தரையில பாவலை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாத்தியத்தைத் துடைச்சு வச்சார். வேர்வையில நனைஞ்ச சட்டையைக் கழட்டினார். நேரா குழாயடிக்குத்தான் போவாருன்னு நினைச்சேன். போகலை. கழுத்துப்பட்டையெல்லாம் கறுத்துக் கிடந்த அந்தச் சட்டையை அப்படியே என் கையில குடுத்து, "துவைச்சுடும்மா"ன்னு சொல்லிட்டு, குட்டி பிரஷ்ஷை எடுத்துக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி போய் நின்னார்.