ஆபீசர் உட்கார்ந்த சோபா

அறந்தாங்கிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் குடியிருக்கும் ஆண்டியப்பனுக்குச் சர்க்கரையும் இல்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி. தன் வீட்டில் இன்னது இல்லை என்று அவரால் வாயால் சொல்ல முடியாது. பட்டினியோடு வேலைக்குப் போகிறவரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டால், "இப்பத்தான் வயிறு முட்ட" என்பார். ரேஷன் அரிசி வாங்கி வரும்போது யாராவது பார்த்துவிட்டால், "கோழிக்குங்க" என்பார். அவர் வீட்டில் கோழி கிடையாது.

பார்க்கிற வேலையும் அதற்குத் தோதானதுதான். பந்தல் கடையில் கூலி. அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குக் கம்பளம் விரித்து, வளைவு கட்டி, ஓட்டை வீட்டையும் அரண்மனையாக்கிவிட்டு வருவார்.

இப்படிப்பட்ட மனிதரின் மகள் பிரகதீஸ்வரிக்குப் புதுக்கோட்டையில் ஒரு காலேஜில் இடம் கிடைத்தது. கட்டணத்தை அரசாங்கமே கட்டும். ஆனால் குடும்பம் கஷ்டப்படுகிற குடும்பம் என்று வருமானச் சான்று வேண்டும். அது வராவிட்டால் படிப்பு அவ்வளவுதான். புதிதாக மாற்றலாகி வந்திருந்த வி.ஏ.ஓ. குணசேகரன், வீட்டுக்கே வந்து விசாரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அப்பா, உள்ளத உள்ளபடி சொன்னாப் போதும்ப்பா. வேற ஒண்ணும் வேணாம்" என்று கெஞ்சிவிட்டு, ஜெராக்ஸ் எடுக்கப் போனாள் மகள்.

"அதெல்லாம் சொல்லிருவேன் ஆத்தா, நீ போயிட்டு வா" என்றார் ஆண்டியப்பன். சொல்லவும்தான் நினைத்தார், பாவம். ஆனால் ஆபீசர் ஒருத்தர் வீடு தேடி வருகிறார், அவரைத் தரையிலா உட்காரவைப்பது? மனசு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு உண்ணாமலையின் புருஷன் துபாயில் இருக்கிறான். அந்த வீட்டு சோபா வந்தது. சோபா மட்டும் தனியாக நின்றால் நன்றாக இல்லையென்று ஃபேன் வந்தது, கண்ணாடி டீப்பாய் வந்தது, வெள்ளி டம்ளர் வந்தது. பந்தல் கடையிலிருந்து சிவப்புக் கம்பளத்தையும் பிளாஸ்டிக் பூ வளைவையும் அவரே தூக்கி வந்தார்.

"கஷ்டத்தப் பாக்க வாரவருக்கு எதுக்குங்க வளைவு?" என்று செவந்தி கேட்டாள்.

"வாரவுகளுக்கு மருவாத வேணாமா?" என்று பொண்டாட்டியை அடக்கிவிட்டார்.

குணசேகரன் வளைவுக்குள் குனிந்து வந்தார். கம்பளத்தில் நடந்தார். சோபாவில் அமுங்கினார். ஃபேன் காற்று சிலுசிலுவென்று அடித்தது. வெள்ளி டம்ளரில் கலர் சோடா கைக்கு வந்தது. அவர் வருகிற வழியெல்லாம் ஏழை வீட்டைத் தேடிக்கொண்டு வந்தவர்.

"வருமானம் குடும்பத்துக்குப் போதுதாங்க?"

"ஒரு கொறையும் இல்லீங்க."

"கடன் கிடன்?"

"நமக்கெதுக்குங்க அதெல்லாம்?"

குணசேகரன் பேனாவை மூடினார். "நல்லா இருக்கீங்க. சந்தோஷம். அப்ப ஒங்களுக்கு இது வராதுங்க."

ஜெராக்ஸ் காகிதங்களோடு வாசலுக்கு வந்த பிரகதீஸ்வரியின் காதில் அது விழுந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். ஆண்டியப்பன் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த நேரத்தில்தான் உண்ணாமலை தலைதெறிக்க ஓடிவந்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க, செத்த எந்திரிங்க. எம்மகளப் பொண்ணு பாக்க விராலிமலையில இருந்து நாளைக்கு வாரோம்னாக. இன்னைக்கே வந்து வாசல்ல நிக்கிறாக. சோபா வேணும்."

குணசேகரன் எழுந்தார். சோபா போயிற்று. ஃபேன், சுழலச் சுழலவே பிடுங்கப்பட்டுப் போயிற்று. டீப்பாய் போயிற்று. "சார், அந்தக் கலரை மடக்குன்னு குடிச்சிட்டு டம்ளரக் குடுங்க, மாப்பிள்ளைக்கு வேணும்" என்று கையை நீட்டினாள். ஆபீசர் மடக்கென்று குடித்தார்.

அதற்குள் லோடு ஆட்டோவில் பந்தல் கடை முதலாளி நிலவழகன் வந்து இறங்கினார். "ஏம்ப்பா ஆண்டி, காதுகுத்து வீட்டுல கம்பளத்தக் காணோம்னு சண்ட நடக்குது. இங்கிட்டு விரிச்சு வச்சிருக்கியே! சார், அந்தக் கால மட்டும் எடுங்க." கம்பளத்தைச் சுருட்டி வளைவையும் பிடுங்கிக்கொண்டு போனார்.

வெடித்த சிமெண்டுத் தரையில் ஃபைலோடு நின்றார் குணசேகரன். கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே வெயில் அவர் தலையில் விழுந்தது. சுற்றிப் பார்க்க வீட்டில் ஒன்றுமில்லை.

"இப்பச் சொல்லுங்க. போதுதாங்க?"

"ஒரு கொறை..." என்று ஆண்டியப்பன் வாய் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. மகள் கையில் இருந்த ஜெராக்ஸ் காகிதங்களைப் பார்த்தார். "இல்லீங்க" என்றார். "போதலீங்க. ஒண்ணுமே இல்லீங்க சார்." சொல்லச் சொல்ல அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது, முதுகிலிருந்து மூட்டையை இறக்கியதுபோலவும் இருந்தது.

குணசேகரன் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்துச் செவந்தி கொடுத்த தண்ணீரைச் சொம்போடு குடித்தார். "சான்று வந்துரும், பாப்பா. போய்ப் படி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பக்கத்து வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டார் நிறைந்திருந்தார்கள். தெருவே எட்டிப் பார்த்தது. உண்ணாமலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூவினாள். "அண்ணே, ஆபீசர் என்னண்ணே எழுதுனாரு?"

செவந்தி புருஷனைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆண்டியப்பன் வாசலுக்கு வந்தார். மகள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கும்படி சொன்னார்.

"ஏழைன்னு எழுதிட்டாரு, தங்கச்சி! எம்மக காலேசுக்குப் போறா!"