தேவராஜன் தோளில் ஏறாத சுமை

நான் ஒரு பொய் சொன்னேன். அதனால் என் நண்பன் தேவராஜனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சை கிடைக்காமல் போயிற்று. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தலைகுனிந்து சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலில் முப்பத்தெட்டு ஆண்டுகள் சுவாமியைத் தோளில் சுமந்தவன் நான். கடைசிப் பதினோரு ஆண்டுகள் சுமப்பவர்களுக்குத் தலைவன். பல்லக்குத் தண்டில் யார் எங்கே நிற்பது என்பதை நான்தான் சொல்வேன். என் காலத்தில் பல்லக்கு ஒருமுறைகூடச் சாய்ந்ததில்லை!

தேவராஜன் எனக்குப் பின்னால் நிற்பவன். ஒரே தெரு, ஒரே உயரம். மற்ற நாள்களில் தறியில் பட்டு நெய்வான். இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் அவனிடம் ஒரு தளர்ச்சியைக் கண்டேன். பன்னிரண்டு நாளில் முடிக்கும் புடவைக்கு இருபது நாள் எடுத்தான். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தான். வீதி திரும்பும்போது அவன் அடி அரைக்கணம் பிந்திற்று. நெஞ்சுவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. அறுபத்திரண்டு வயது... வயதுதான் என்று நினைத்தேன்.

எங்கள் வழக்கப்படி, தளர்ந்தவனுக்கு மாலை போட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. அதுகூட முழு உண்மையில்லை. என் வரிசையில் ஒருவன் தளர்ந்தான் என்று ஊர் பேசுவதை என்னால் பொறுத்திருக்க முடியாது.

ஆகவே என் தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டேன். தண்டு என் பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்தது. பின்னால் நின்ற தேவராஜனின் தோளை அது தொட்டும் தொடாமலும் வந்தது. அவன் பாரத்தையும் சேர்த்து நானே சுமந்தேன். இரண்டு வைகாசித் திருவிழாக்கள்! யாருக்கும் தெரியாது. அவனுக்கே தெரியாது.

என் உடம்பை நினைத்து எவ்வளவு பூரித்தேன், தெரியுமா? அறுபது வயதில் இரண்டு ஆள் சுமை!

இரண்டாவது திருவிழா முடிந்த பிறகு ஒருநாள் அவன் மனைவி அலமேலு என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, நாலு படி ஏறினா உக்காந்துக்கினு கெடக்கறாரு. டாக்டர்கிட்ட போலாம்னா, 'பெருமாளயே தூக்கறேன், எனக்கு என்னாடி கேடு'ன்றாரு. நீங்க கூடவே இருக்கறீங்க. நெஜமா அவரால தூக்க முடியுதா?"

இரண்டு ஆண்டுகளாக என்னிடம் யாரும் கேட்காத, நானும் எதிர்பாராத கேள்வி. ஒரு சொல் போதும்... அன்றே அவனை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருப்பாள்.

"முடியுதாவா? எளவட்டம் மாதிரி தூக்கறாம்மா. வயசாவுதில்ல, கொஞ்சம் அசதி இருக்கும். நீ பயப்படாத."

முகம் தெளிந்து வீட்டுக்குத் திரும்பினாள்.

பத்து மாதம் கழித்துத் தறியிலேயே மயங்கி விழுந்தான். சென்னைக்குக் கொண்டு போனோம். இதயத்தின் வால்வு ஒன்று பல காலமாகச் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்றார் அங்கிருந்த மருத்துவர் அம்மாள்.

"வலி வந்தாத்தான் இதய நோய்னு இல்லீங்க. நடை தளர்றது, இளைக்கிறது, சட்டுனு களைச்சுப் போறது, இதுவும் அடையாளம்தான். வயசுன்னு விட்டுட்டீங்க. போன வருஷமே வந்திருந்தாக்கூட ஆபரேஷன் பண்ணி வால்வை மாத்தியிருக்கலாம். இப்ப இவர் உடம்பு அதைத் தாங்காது."

கட்டிலில் கிடந்த தேவராஜன் சிரிக்க முயன்றான். "என்னாம்மா சொல்றீங்க? போன வைகாசில கூட பெருமாள தூக்கினேன். இதோ நிக்கிறானே, இவன கேளுங்க."

மருத்துவர் என்னைப் பார்த்தார். அலமேலுவும் பார்த்தாள். தேவராஜனும் பார்த்தான், வகுப்பில் முதல் மார்க் வாங்கியவனைப் போல.

"ஆமாங்க. தூக்கினான்" என்றேன்.

அந்த இரண்டாவது பொய்க்காக நான் வருந்தவில்லை. அவனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். முதல் பொய்?... அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவனுக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

எட்டு மாதம் இருந்தான். மார்கழியில் போனான்.

அடுத்த வைகாசியில் எனக்கும் மாலை போட்டு ஓய்வு கொடுத்தார்கள். அன்று மாலை அலமேலுவைப் பார்க்கப் போனேன்.

"சாவற வரிக்கும் உங்க பேச்சுதான்ணா. உங்களோட சரிக்குச் சமமா தூக்கினாராமே. அத நெனச்சா எனக்கு அவ்ளோ பெருமையா இருக்குது" என்றாள்.

"எனக்குந்தாம்மா" என்றேன்.

அது பொய்யில்லை. மீதியைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் அவள் காபி போட உள்ளே போய்விட்டாள்.

காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.