சீக்கிரம் நின்ற ரத்தம்

சில வாரங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்கு முழங்கையில் முள் கீறியது. துண்டால் துடைத்தார். ரத்தம் உடனே நின்றுவிட்டது.

நல்ல செய்திதானே? எனக்கு என்னவோ திக்கென்றது.

பக்கத்துத் தோட்டத்துச் செல்விக்குச் சந்தோஷம். "அண்ணனுக்கு ஒடம்பு தேறிடுச்சுங்கக்கா. அன்னிக்குச் சவரம் பண்றப்ப வெட்டிக்கிட்டு, துண்டே நனைஞ்சு போச்சே... பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். அதனால்தான் சந்தேகமே.

அவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது நாமக்கல் டாக்டர் சொன்னது எனக்கு மனப்பாடம். "அடைப்பை விரிச்சு, கம்பி வலை மாதிரி ஒண்ணு வெச்சிருக்கோம்மா. குழாயோட உள்தோல் வளர்ந்து அதை மூடணும். மாசக்கணக்காகும். அதுவரைக்கும் அதுமேல ரத்தம் உறையாம இந்த மாத்திரைங்கதான் பாத்துக்கும். கீறுனா ரத்தம் லேட்டாத்தான் நிக்கும், பயப்படாதீங்க. நாங்க சொல்லாம நிறுத்திடாதீங்க."

அப்படியானால்... இப்போது எப்படி உடனே நின்றது?

நேராகக் கேட்டிருக்கலாம். நான் எங்கே கேட்டேன்? கேட்க நினைப்பதையெல்லாம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதுகிறவள்தானே நான். வாயை மூடிக்கொண்டு ஆளைக் கவனித்தேன்.

மாத்திரை அட்டை ஒழுங்காகத்தான் காலியானது. ஆனால் சாப்பிட்டதும் மாத்திரைகளைப் பிதுக்கிக்கொண்டு, டம்ளரோடு வாசலுக்குப் போனார். ஏன் வாசலுக்கு? மாத்திரை விழுங்கக் காற்று வேண்டுமா?

வாசல் சுவரோரம், அவர் போய் நிற்கும் இடத்தில், மிளகு பறிக்கக் கணுவில் கால் வைத்து ஏறுகிற ஒற்றை மூங்கில் ஏணி படுத்துக் கிடந்தது. அவர் கடைக்குப் போன நேரம் அதன் ஒரு முனையைத் தூக்கினேன். மறுமுனையின் பொந்திலிருந்து மாத்திரைகள் உருண்டு வந்தன — ஒவ்வொன்றாக.

அவர் திரும்பி வந்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"ஏனுங்க, ஏணிக்கு எப்பங்க ஆபரேஷன் ஆச்சு?"

தலையைச் சொறிந்தார். "பறிப்பு வருதில்ல புள்ள. மேல ஏறுனா கை கீறாம இருக்குமா? ரத்தம் சொட்டுனா ஆளுங்க பாத்துட்டு, 'எறங்குங்கண்ணே, நீங்க சும்மா உக்காருங்க'ம்பாங்க. நான் என்ன நோயாளியா? அடைப்புதான் எடுத்தாச்சே. வலியும் இல்ல."

"உள்ள தோல் மூடிடுச்சான்னு எட்டிப் பாத்தீங்களா?"

மறுபடியும் தலையைச் சொறிந்தார்.

போனில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். உடனே கூட்டி வரச் சொன்னார்கள். பஸ் வளைவுக்கு வளைவு திரும்ப, அவர் கை நெஞ்சுப் பக்கம் போகிறதா என்று பார்த்தபடியே மலை இறங்கினேன். ஒருமுறை போனது. சட்டைப் பையில் டிக்கெட் தேடினாராம்.

இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இதுவரைக்கும் தப்பிச்சீங்க." மாத்திரைகள் மறுபடி தொடங்கின. ஏணிக்குத் தடை.

வெளிக்காயம் ஆறினால் ஊரே பார்த்துச் சந்தோஷப்படுகிறது. உள்ளே ஒரு குழாய் சத்தமில்லாமல் தோல் வளர்த்துக்கொண்டிருக்கிறதே, அதை யார் பார்க்கிறார்கள்? கண்ணுக்குத் தெரியாததைச் சந்தேகப்பட்டுத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இப்போது என் எதிரில்தான் மாத்திரை. விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டி, "போலீஸம்மா, போதுங்களா?" என்கிறார்.

நேற்றுக் காலை சவரம் செய்யும்போது தாடையில் கீறிக்கொண்டார். துண்டை நீட்டிவிட்டு அருகிலேயே நின்றேன். ரத்தம் நிற்கவில்லை... இன்னும் நிற்கவில்லை...

அப்பாடா.